சுவடு ஆசானுடையது, மற்றது உங்களுடையது

களியல் என்னும் கம்பு ஆட்டம் அடிக்கும் பையன் ஒருவன் உங்களைத் தேடி வருகிறான். நாகர்கோவிலில் பி.காம். இரண்டாமாண்டு. "அண்ணா, எனக்கு கன்டெம்பரரி பண்ணணும்" என்கிறான். நீங்கள் வெளியூரில் நாலு மேடை கண்டு ஊர் திரும்பியவர். தெரிந்த பயிலரங்கு முகவரிகளையெல்லாம் கொடுத்து உடனே ரயிலேற்றிவிடத் தோன்றும். பொறுங்கள். முதலில் கேளுங்கள்: "ஆசான் யாரு?"

அவனுடைய இடுப்புத் தாழ்வும் கம்பு மாறும் வேகமும் அந்த ஆசான் கொடுத்தவை. அவருக்குத் தெரியாமல் நீங்கள் பொறுப்பேற்றால் ஆறே மாதத்தில் கசப்பு வரும். வெற்றிலை பாக்கோடு போய்ப் பாருங்கள். ஆட்டச் சுவடு உங்களுடையது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

அந்த 'மற்றது' கொஞ்சநஞ்சமல்ல. திருவிழாவில் குழுவுக்கு மொத்தமாகப் பணம் வரும், தலைவர் பிரித்துக் கொடுப்பார். பையனுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். வெளியே ஆறு வாரம் ஒத்திகை, இரண்டு நாள் மேடை. மேடைக்கு மட்டும் சம்பளம் பேசினால் ஆறு வாரமும் ஓசி உழைப்பு. ஒத்திகை நாளுக்கு எவ்வளவு, தங்குமிடம் யார் செலவு, முழங்கால் போனால் ஆஸ்பத்திரிக்கு யார் கட்டுவது, வீடியோவை எங்கெல்லாம் போடுவார்கள்: கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேட்கப் பழக்குங்கள். முதல் பேச்சில் நீங்கள் பேசுங்கள். அடுத்ததில் அவன் பேசட்டும், நீங்கள் சும்மா உட்கார்ந்திருங்கள்.

காகித வேலையில் கூச்சம் வேண்டாம். மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு இரண்டாண்டு உதவித்தொகை தருகிறது, அதில் நாட்டுப்புறக் கலைகளும் உண்டு. மாவட்ட அளவில் 19 முதல் 35 வயதுக்காரருக்குக் கலை வளர்மணி விருது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரிய அட்டையையும் வாங்கிவிடச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறீர்கள் என்றால், நாகர்கோவில் வடசேரியிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு ஒத்திகையை முடியுங்கள். வீட்டாரின் நம்பிக்கையை எந்தச் சான்றிதழும் அந்த அளவுக்குச் சம்பாதித்துத் தராது.

கலப்புப் படைப்புகளுக்கு வருவோம். கலப்பு நமக்கொன்றும் புதிதில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, திருவட்டாறு கோயிலில் கதகளி ஆடியிருக்கிறார்கள். ஆனால் ஒத்திகைக் கூடத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: யார் யாரிடம் கற்கிறார்கள்? நாள் முழுக்க கன்டெம்பரரி குழுவின் பாணியைப் பையன் படித்துவிட்டு, கடைசி அரை மணி நேரம் "அந்தக் கம்பு ஆட்டத்தைக் கொஞ்சம் காட்டு" என்றால் அவன் அங்கே ஊறுகாய்தான். நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985-இல் 'அங்கிகா'வில் தற்காப்புக் கலைகளைப் பரதத்துக்குப் பக்கத்தில் வைத்தபோது அவற்றை அலங்காரமாக வைக்கவில்லை. படைப்பின் முதுகெலும்பே அவைதான். அப்படி நடத்தும் இடமாகப் பார்த்து அனுப்புங்கள்.

படைப்புக்குப் பாட்டு தேடி மலைக்குப் போகும்போது இன்னும் கவனம். பேச்சிப்பாறைக்கு மேலே வாழும் காணிக்காரப் பழங்குடியினரின் சாற்றுப்பாட்டு நோய் தீர்க்கும் சடங்கு. அதில் ஒலிக்கும் கொக்கரைக் கருவியின் சத்தம் நன்றாக இருக்கிறதென்று மொபைலில் பதிந்து வந்து மேடையில் போடுகிற வேலையே கூடாது. ஊர்த் தலைவரான மூட்டுக்காணியைக் கேளுங்கள், சடங்கு நடத்தும் பிலாத்தியைக் கேளுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், காணிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாயில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென அறக்கட்டளையும் அமைந்தது. அப்போதும் எங்களைக் கேட்கவில்லையே என்று மற்ற ஊர்க் காணிகள் குறைபட்டார்கள். ஒரு செடிக்கே இவ்வளவு பேச்சு என்றால், சடங்குப் பாட்டுக்குச் சொல்லவா வேண்டும்.

ஊர்க் கோயில் கொடையும் வெளியூர் ஒத்திகையும் ஒரே வாரத்தில் வந்தால்? கொடைக்கு அனுப்புங்கள். ஒப்பந்தத்திலேயே அந்தத் தேதிகளை எழுதி வாங்குங்கள். ஆட்டம் ஊரில் செத்துப்போனால் அவன் மேடைக்குக் கொண்டுபோக எதுவும் மிஞ்சாது.

ஒருநாள் அவன் உங்களை விட்டும் போவான். நடனக் கலைஞர் பத்மினி செட்டூர் பத்தாண்டு சந்திரலேகாவிடம் ஆடிவிட்டு, பிறகு முற்றிலும் தன் வழியில் போனார். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பங்காரா நடனக் குழுவிலோ வேறு கதை. 1990-களில் அங்கே ஆட வந்த ஃபிரான்சஸ் ரிங்ஸ், 2023-இல் அதன் தலைமையையே ஏற்றார். போவதா இருப்பதா என்பது அவன் பாடு. போகிறான் என்றால் முகம் திருப்பாமல் உங்களுக்குத் தெரிந்தவர்களின் தொலைபேசி எண்களையெல்லாம் எழுதிக் கொடுங்கள். அவனுடைய புதுப் படைப்பின் அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை வாங்கிப் பாருங்கள், ஆசான் பெயர் இருக்கிறதா என்று.