கவுன்சலிங்குக்கு எந்தச் சான்றிதழ்?

பொறியியல் கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் கட்டுரைப் போட்டி, கம்ப்யூட்டர் வகுப்புச் சான்றிதழ்களையும் சேர்த்து அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். அவற்றால் அரை மதிப்பெண்கூடக் கூடாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 ஆக 200க்குத்தான் தரவரிசை. விளையாட்டுச் சான்றிதழும் அதற்குரிய தனி ஒதுக்கீட்டுக்கு மட்டுமே.

நமக்குப் பலன் தருவது சாதிச் சான்றிதழ். அதில் 'பிற்படுத்தப்பட்டோர் (முஸ்லிம்)' என்று இருக்க வேண்டும். 2007 முதல் உள்ள 3.5 சதவீத ஒதுக்கீடு அதைக் கொண்டே கிடைக்கும். ராவுத்தர், லெப்பை என்று வாயால் சொன்னால் போதாது. குடும்பத்தில் பட்டதாரியே இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழும் வாங்குங்கள், கல்விக் கட்டணச் சலுகை உண்டு.

ஆதாரில் முஹம்மது, மதிப்பெண் பட்டியலில் முகமது என்று இருக்கிறதா? இப்போதே திருத்துங்கள். சித்திரைத் திருவிழாவும் பிளஸ் டூ ரிசல்ட்டும் நெருங்கிவந்தால் இ-சேவை மையத்தில் நிற்க இடமிருக்காது.