பிடிக்காத பணியும் பணிவிடையே

அய்யா உண்டு.



நிழல்தாங்கலில் திருநாள் என்றால் பணிவிடைக்கு ஆள் குறைவதில்லை. மணி அடிக்க ஒருவர் போதும் என்றால் மூன்று பேர் நிற்பார்கள். முத்துக்குடை பிடிக்கவும் வாகனம் சுமக்கவும் இளைஞர்கள் முந்திக்கொள்வார்கள். அன்னதர்மத்துக்குப் பந்தி பரிமாறவும் கைகள் தாராளமாக நீளும். ஆனால் திருநாள் முடிந்த இரவில், சோறு வடித்த வார்ப்பின் அடியில் பிடித்த தீயலைச் சுரண்டித் தேய்க்க ஆள் தேடினால் நாலு பேர்தான் மிஞ்சுவார்கள். மறுநாள் விடியுமுன் எச்சில் இலைகளைக் கூட்டி அள்ளுபவர்களும் பெரும்பாலும் அதே நாலு பேர்தான்.

குடை பிடிப்பதும் பணிவிடை, வார்ப்பு தேய்ப்பதும் பணிவிடை. ஒன்றில் மனம் தானாக ஓடுகிறது. மற்றொன்றில் மனம் பின்வாங்குகிறது. மனம் பின்வாங்கினாலும் விட்டுவிட முடியாத பணியை எப்படிச் செய்வது என்பதே இந்தப் பாடம்.

ஊழியம் வேறு, தவசு வேறு

இதைப் பேசும்போது முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிடிக்காத வேலை எல்லாமே பொறுத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அல்ல.

அய்யா வைகுண்டர் தவம் இருந்த காலத்துத் திருவிதாங்கூரில், தாழ்த்தி வைக்கப்பட்ட மக்கள் மீது தலைவரியும் பனைவரியும் இருந்தன. அவற்றுக்கு மேல் ஊழியம் என்று ஒன்றும் இருந்தது. கூலி கிடையாது. கூப்பிட்ட நேரத்தில் போய்ச் சுமக்க வேண்டும், வெட்ட வேண்டும். தன் வயலில் வேலை கிடந்தாலும், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தாலும் போயாக வேண்டும். அந்த ஊழியத்தைச் சகித்துக்கொள்ளும்படி அய்யா சொல்லவில்லை. அது அநீதி என்றார். குனிந்து நடந்தவர்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். அதற்காகச் சிறைக்கும் போனார்.

அதே அய்யா, சிறையிலிருந்து மீண்ட பின் தம் மக்களுக்குத் துவையல் தவசை விதித்தார். கன்னியாகுமரிக்கு அருகே கடற்கரையில் உள்ள வாகைப்பதிக்கு எழுநூறு குடும்பங்கள் சென்று தங்கின. நாளுக்கு மூன்று வேளை கடலில் குளித்து, மூன்று வேளையும் உடுத்த துணியைத் துவைக்க வேண்டும். ஒருவேளை மட்டுமே உணவு, அதுவும் பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து வேகவைத்தது. அன்று சாதி பார்த்தவர்கள் துணி வெளுப்பதை இழிந்த வேலை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்த வேலையைத்தான் அய்யா தவசாக ஆக்கினார்.

கடல் தண்ணீரில் அழுக்கு எளிதில் போகாது. உப்பு ஊறிய துணி உடம்பில் உரசும், கை விரல் இடுக்குகள் வெடிக்கும். மாலையில் துவைத்த துணியை மறுநாள் காலையில் மறுபடியும் துவைக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில் இதே வேலை. எழுநூறு குடும்பங்களில் எல்லோரும் எல்லா நாளும் மகிழ்ச்சியோடு துவைத்திருப்பார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. சலிப்பு வந்திருக்கும், பிள்ளைகள் அழுதிருக்கும். ஆனாலும் துணி துவைக்கப்பட்டது. தவசு என்பது அதுதான்.

ஊழியத்திலும் உடம்பு நோகிறது, தவசிலும் நோகிறது. ஆனால் ஊழியத்தில் ஒருவன் சுகமாக இருக்க இன்னொருவன் நோகிறான். தவசில் எல்லோருக்கும் வேண்டிய ஒன்றை எல்லோரும் சேர்ந்து சுமக்கிறார்கள்.

பனை காத்திருப்பதில்லை

அய்யாவைத் தேடி முதலில் வந்த மக்களில் பலர் பனையேறிகள். பனையேற்றத்தில் இருக்கும் ஒரு பாடம் அவர்களுக்கு யாரும் சொல்லாமலே தெரியும். அக்கானி இறங்கும் காலத்தில் பாளையைக் காலையும் மாலையும் சீவியாக வேண்டும். இன்று உடம்பு அசதி, நாளை சேர்த்துச் சீவிக்கொள்ளலாம் என்று விட்டால் பாளையின் முகம் காய்ந்து ஊறல் நின்றுவிடும். இறக்கிய அக்கானியும் காத்திருக்காது. அன்றே அடுப்பில் ஏற்றாவிட்டால் புளித்துப்போகும். ஆண் மரத்தில் ஏறி இறங்க, பெண் புகையில் கண் எரிய நின்று கருப்பட்டி காய்ச்சுவாள். நெஞ்சு தேயத் தேயப் பனை ஏறுவதை விரும்பி யாரும் ஏறவில்லை. மரம் மனிதனின் மனநிலையைக் கேட்பதில்லை என்று தெரிந்தே ஏறினார்கள்.

வீட்டிலும் ஊரிலும் இப்படிக் காத்திருக்காத வேலைகள் பல உண்டு. அவற்றில் மிகக் கடினமான ஒன்றைப் பற்றியது கீழே வரும் நிகழ்ச்சி.

ஒரு வீட்டுக் கிணற்றடி

அகஸ்தீஸ்வரம் பக்கத்து ஊர் ஒன்றில், தாங்கல் பணிவிடையை ஒரு நாளும் தவறவிடாத ஒருவர் இருந்தார். விளக்கு துடைப்பது, திருநாமம் எடுத்து வைப்பது, உச்சிப்படிப்புக்கு ஆள் இல்லாவிட்டாலும் தனியாக நின்று படிப்பது எல்லாம் அவரே. அவருடைய தாய் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையானார். நனைந்த துணியை உடனே மாற்றாவிட்டால் தோல் ஊறி வெடிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். இத்தனையும் மருமகளின் வேலையாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மருமகள் தாங்கலுக்கு வந்தார். ஏடு வாசிக்கும் முதியவர் ஒருவர் திண்ணையில் இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் பாட்டா.

“பாட்டா, ஒரு காரியம் கேக்கணும். மாமிக்க துணியத் தொடும்போ எனக்குக் கொமட்டுது. மனசுல வெறுப்பா வருது. இது பாவமா?”

“துணிய அலசாம விட்டியா மக்ளே?”

“ஒரு நாளும் விட்டதில்ல.”

“மாமி முன்ன மூஞ்சியக் கோணுனியா?”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஒருக்கா கோணிட்டேன். மாமி பாத்துட்டு கண்ண மூடிக்கிட்டா. தூங்கல்ல, எனக்குத் தெரியும். அதுக்குப் பெறவு ரெண்டு நாளா தண்ணி குடுத்தா வேண்டாம்னு சொல்லுதா. குடிச்சா துணி நனையும், எனக்கு வேல கூடும்னு நெனச்சுத்தான் குடிக்காம கெடக்கா” என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

“கொமட்டுறது ஒடம்புக்க காரியம். அது பாவம் இல்ல மக்ளே. வெறுப்பு வந்தும் நீ கைய எடுக்கல்ல பாத்தியா, அது அய்யாவுக்குத் தெரியும். ஆனா மாமி கண்ண மூடுனத மறந்துராத. இனி அவளுக்கு முன்ன மொகம் மாறாமப் பாத்துக்கோ.”

சற்று நேரம் கழித்து, “ஒரு நாளைக்கு எத்தன தடவ அலசுத?” என்று கேட்டார்.

“மூணு தடவ. சிலப்ப நாலு.”

“எல்லாம் நீ ஒருத்திதானா?”

மருமகள் பதில் சொல்லவில்லை. உள்ளே விளக்கு துடைத்துக்கொண்டிருந்த கணவரின் கை மட்டும் நின்றது. பாட்டா அவரை அழைத்தார்.

“மக்கா, வாகைப்பதியில எழுநூறு குடும்பம் துவைச்சுதுன்னு கேட்டிருக்கியா?”

“கேட்டிருக்கேன் பாட்டா.”

“எழுநூறு குடும்பம்னுதானே கேட்ட? எழுநூறு பொம்பளையோன்னு எங்கயாவது கேட்டியா?”

அவர் தலை குனிந்து நின்றார். “எனக்கு அது முடியாது பாட்டா. ஒருக்கா போய்ப் பாத்தேன், ஓங்காளம் வந்துட்டு” என்றார்.

“மொத நாளு யாருக்கும் முடியாது. ரெண்டாம் நாளும் முடியாது. பெறவும் அது பிடிக்கப்போறது இல்ல. ஆனா செய்யலாம். துணி மாத்துறத அவ பாத்துக்கிடட்டும், பெத்தவளுக்கும் கூச்சம் இருக்கும். அலசுறத நீ எடு. ஊழியம் வேண்டாம்னு சொன்ன அய்யாக்க மக்கள், வீட்டுக்குள்ள ஒருத்திக்கு மட்டும் ஊழியம் வைக்கலாமா?”

மறுநாள் விடியற்காலையில் அவர் கிணற்றடிக்குப் போனார். முதல் நாள் ஓங்கரித்துக்கொண்டே அலசினார். இரண்டாம் நாள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டார். ஒரு வாரத்தில், வாளியில் தண்ணீர் கோரி வைத்துவிட்டுத்தான் பல் தேய்ப்பது என்று ஒரு முறை வைத்துக்கொண்டார். வெளியூரில் இருந்த தம்பியிடம் பேசினார். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வந்து தாயின் அருகில் இருப்பது என்று ஏற்பாடாயிற்று. அந்த நாட்களில் மருமகள் தன் பிறந்த வீட்டுக்குப் போய் வந்தார்.

தாய் மீண்டும் தண்ணீர் கேட்டுக் குடிக்கத் தொடங்கினார். அதன்பின் ஒன்பது மாதம் இருந்தார். முதுகில் புண் வரவில்லை. பிறகு ஒருநாள் ஊர்க்காரர் ஒருவர், “போகப் போக அந்த வேலை பிடித்துப்போயிருக்குமே?” என்று அவரிடம் கேட்டார். “கடைசி நாள் வரைக்கும் பிடிக்கல்ல. ஆனா ஒரு நாளும் நிக்கல்ல” என்பதே அவருடைய பதில்.

கைக்கொள்ள வேண்டியவை

இந்த நிகழ்ச்சியிலிருந்தும் துவையல் தவசிலிருந்தும் அன்பர்கள் ஐந்து காரியங்களைக் கைக்கொள்ளலாம்.

முதலாவது, பணி தேவையானதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் யாருக்கு நோகும் என்று கேட்டால் விடை கிடைக்கும். ஒருவருடைய பெருமைக்காகவோ சோம்பலுக்காகவோ மற்றவர் தலையில் வைக்கப்பட்ட வேலை ஊழியம். அதை மறுத்துப் பேசுவதும் தர்மமே. ஓர் உயிர் நோகும் என்றால் அந்த வேலை தவசு. அதை விடக்கூடாது.

இரண்டாவது, வேளை குறிக்க வேண்டும். துவையல் தவசுக்கு மூன்று வேளை உண்டு, பதியின் பணிவிடைக்கும் வேளை உண்டு. வேளை குறித்த வேலையைப் பற்றி மனதோடு தினமும் வழக்காட வேண்டியதில்லை. “பிறகு செய்யலாம், சற்றுக் கழித்துச் செய்யலாம்” என்று உள்ளே ஒலிக்கும் குரல் கலியின் குரல். அது வேலையைச் செய்ய வேண்டாம் என்று ஒருபோதும் சொல்லாது. நாளை என்று மட்டுமே சொல்லும்.

மூன்றாவது, மனம் வரும் வரை காத்திராமல் கையை முதலில் அனுப்ப வேண்டும். வாளியை எடுத்து வைப்பது, விளக்குமாற்றைக் கையில் பிடிப்பது, நீண்ட நாள் தள்ளிப்போட்ட கணக்கு நோட்டை விரித்து வைப்பது என்று முதல் சிறு காரியத்தைச் செய்தால் போதும். பல நாட்களில் மனம் பின்னால் வந்து சேரும். சில நாட்களில் வராது. வராவிட்டாலும் வேலை முடிந்திருக்கும்.

நான்காவது, பணியைப் பெறுபவர் முன் முகம் சுளிக்கக் கூடாது. படுக்கையில் கிடப்பவருக்குக் காது மந்தமாகலாம், கண் மங்கலாம். ஆனால் தன்னைத் தொடும் கையின் வெறுப்பு அவருக்குத் தெரிந்துவிடும். தாங்கலில் கண்ணாடிக்கு முன் நிற்கும்போது தெரிவது அவரவர் முகம். வீட்டில் இருக்கும் முதியவருக்கும் நோயாளிக்கும் காட்டுகிற முகமும் அதே முகமாக இருக்கட்டும். மனச்சுமையை இறக்கிவைக்க வேண்டும் என்றால் அந்த மருமகளைப் போல நம்பிக்கையான ஒருவரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். அதில் வெட்கம் இல்லை.

ஐந்தாவது, பங்கிட வேண்டும். வாகைப்பதிக்கு ஒருவர் தனியாகப் போகவில்லை. பிடிக்காத பணி ஒருவர் தலையிலேயே நாள்தோறும் விழுந்தால், எவ்வளவு நல்ல மனமும் ஒருநாள் முறிந்துபோகும். முறிந்த பின் அவரைக் குறை சொல்வது தர்மம் அல்ல. வீட்டில் யார் முகம் வாடியிருக்கிறது என்று பார்த்து, அவர் கேட்கும் முன்பே ஒரு வேளையை ஏற்றுக்கொள்வது உயர்ந்த பணிவிடை.

அன்பு மக்களே! அடுத்த திருநாள் முடிந்த இரவில் வாகனம் சுமந்த தோள்கள் வார்ப்பு தேய்க்கவும் வரட்டும். அதற்கு முன்னதாக, இன்று மாலை வீட்டுக்குப் போனதும் ஒவ்வொருவரும் கிணற்றடியையும் அடுப்படியையும் நோயாளி படுத்திருக்கும் அறையையும் ஒருமுறை பார்க்கட்டும். யாருக்கும் பிடிக்காமல், ஒரே ஒருவர் மட்டும் செய்துவரும் வேலை ஒன்று அங்கே இருக்கும். அன்பர்களின் தவசு அங்கிருந்து தொடங்கலாம்.

அய்யா உண்டு.