எடைக்குப் போடுமுன்: பழைய சைக்கிளைத் தேடலும் திருத்தலும்

சில ஆண்டுகளுக்கு முன் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு வீடு சந்திக்கச் சென்றிருந்தோம். கணவனை இழந்த தாய் ஒருவர் லயத்தின் பின்புறம் சாத்திக் கிடந்த சைக்கிளைக் காட்டி, "சாமி, இத இரும்புக்காரருக்குக் குடுத்திடவா? சும்மா எடத்த அடைச்சிக்கிட்டு இருக்கு" என்று கேட்டார். டயர் இல்லை; இருக்கையின் தோல் கிழிந்திருந்தது; எங்கும் துரு. நாமும் சரியாகப் பாராமல், "குடுத்திருங்கம்மா" என்று சொல்லிவிட்டோம்.

சில மாதங்கள் சென்றபின் அதே சைக்கிளைக் கண்டி நகரில் கண்டோம். கரியரில் அவருடைய கணவர் வெட்டிப் பொறித்திருந்த மூன்று எழுத்துகள் அப்படியே இருந்தன. அது ஒரு பழைய ஹம்பர். துடைத்து, எண்ணெயிட்டு, புதிய டயர் பூட்டி, அந்தத் தாய் பல மாதம் கொழுந்து பறித்தாலும் மிச்சம் பிடிக்க முடியாத விலைக்கு வைத்திருந்தார்கள். இரும்புக்காரர் எடைக்கு உரிய காசைக் கொடுத்தார், திருத்தியவர் உழைத்தார். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கேட்ட இடத்தில் பதில் தெரியாமல் பதில் சொன்னவர்கள் நாமே. அந்தத் தவறிலிருந்து பிறந்ததே இப்பாடம்.

கர்தினால் கார்டைன் இளம் கிறிஸ்தவத் தொழிலாளருக்குக் கற்பித்து, 1961ஆம் ஆண்டின் 'மாத்தர் எத் மாஜிஸ்திரா' சுற்றுமடலும் பரிந்துரைத்த மூன்று படிகளை இங்கும் பின்பற்றுவோம்: காண்போம், ஆராய்வோம், செயற்படுவோம்.

ஏன் இன்று சைக்கிள்?

2022ஆம் ஆண்டு ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். புதிய சைக்கிளின் விலை ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அப்போது பல வீடுகளில் பரணிலும் விறகுக் கொட்டிலிலும் கிடந்தவை வெளியே வந்தன. இரும்புக்குப் போட்டவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

இந்த அனுபவம் வடக்கில் உள்ள எமது உறவுகளுக்குப் புதிதல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருளும் மின்கலங்களும் செல்வது தடைப்பட்டது. அந்த ஆண்டுகளில் விறகு, நெல் மூட்டை, நோயாளர் யாவும் சைக்கிளிலேயே பயணித்தன. மின்சாரமில்லாத வீடுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். புதிய பொருள் வராத ஊரில் மக்களைத் தாங்கியவை, கழற்றிப் பூட்டக்கூடிய பழைய றலியும் ஹம்பரும் லுமாலாவுமே.

கண்டி யாழ்ப்பாணத்தைப் போல் சமதரை அல்ல என்பது உண்மை. ஹந்தானைக்கோ அம்பிட்டியவுக்கோ ஒற்றைப் பல் சைக்கிளில் ஏறச் சொல்வது நியாயமில்லை. ஆனால் கட்டுகஸ்தோட்டை, கெட்டம்பே, பேராதனை, கம்பளை என மகாவலிக் கரையை ஒட்டிய பாதைகளில் பாடசாலைக்கும் சந்தைக்கும் வேலைக்கும் சைக்கிள் இன்றும் பயன் தரும்.

காண்போம்: கையில் இருப்பது எது?

பழைய சைக்கிள்கள் கடையில் மட்டும் கிடைப்பதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர், தபால்காரர், தோட்டத்து உத்தியோகத்தர் ஆகியோரின் வீடுகள், மூடப்பட்ட ஆலைகள், பங்கு மனைகளின் களஞ்சியங்கள், அரச திணைக்களங்கள் கழித்த பொருட்களின் ஏலம் ஆகிய இடங்களில் விசாரிக்கலாம்.

துருவுக்கு அடியிலும் அடையாளங்கள் உண்டு. முதலில் பெடலோடு சுழலும் பெரிய பற்சில்லைத் துடைத்துப் பாருங்கள். றலியில் நாரையின் உருவமும், ஹம்பரில் சிறு மனித உருவங்களும், றட்ஜில் ஒரு கையின் உருவமும், பி.எஸ்.ஏ.யில் அந்த எழுத்துகளும் வெட்டப்பட்டிருக்கும். ஹம்பர் பலவற்றில் முன் சில்லைப் பிடிக்கும் கவை இருபுறமும் இரட்டைக் குழாயாக அமைந்திருக்கும். நாம் கண்டும் காணாமல் விட்டது அதைத்தான்.

இவை யாவும் ஒரு குடும்பமாக மாறியவை. றலி 1887இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் தோன்றியது. ஹம்பரை 1932இலும், றட்ஜை 1943இலும், பி.எஸ்.ஏ. சைக்கிளை 1957இலும் அது வாங்கியது. 2002இன் இறுதியில் நொட்டிங்ஹாம் தொழிற்சாலை மூடப்பட்டது. இனி அங்கிருந்து ஒன்று வரப்போவதில்லை என்பதே சேகரிப்போர் இவற்றைத் தேடி விலை கொடுப்பதற்கு ஒரு காரணம்.

பின் சில்லின் நடுவே மூன்று கியர் கொண்ட ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் இருந்தால் அதன் மேல் எண்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஆண்டும் மாதமும் பொறிக்கப்பட்டிருக்கும். '54 3' என்றால் 1954 மார்ச். ஆனால் சில்லை மாற்றிப் பூட்டியிருக்கவும் கூடும். ஆகவே அந்த எண் ஹப்பின் வயதை மட்டுமே உறுதிப்படுத்தும். பளபளக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். அதை எதன்மேலும் ஒட்டலாம்.

அடுத்து, திருத்தக் கூடியதா என்று பார்க்க வேண்டும்.

1. சட்டம்: முன்னே நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரு சில்லுகளும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். மேல் குழாயும் கீழ்க் குழாயும் ஹேண்டில் கழுத்தைச் சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னே, அடிப்புறத்தை விரலால் தடவுங்கள். சுருக்கமோ வெடிப்போ தட்டுப்பட்டால் அது எங்கோ பலமாக மோதிய சைக்கிள். வாங்க வேண்டாம்.

2. கவை: நேராக முன்னோக்கி வளைந்திருக்க வேண்டும். பின்னோக்கி ஒடுங்கியிருந்தால் அதுவும் மோதியதன் அடையாளம்.

3. உட்துரு: மழைநீர் இறங்கித் தங்குவது பெடல் அச்சுக் கூட்டில். அதன் அருகே குழாயை நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்ற ஒலி நல்லது. செத்த ஒலியும் உதிரும் துருவும் ஆபத்து.

4. இறுகிய தண்டுகள்: இருக்கைத் தண்டும் ஹேண்டில் தண்டும் அசைகின்றனவா? இறுகிப் போயிருந்தால் கழற்றப் பல நாள் செல்லும். சிலவேளை சட்டமே உடையும்.

5. ரிம்: மேல் துரு துடைத்தால் போகும். துளை விழுந்த ரிம் பயன்படாது.

டயர், டியூப், செயின், இருக்கை, பிரேக் ரப்பர் ஆகியவை மாற்றக் கூடியவை. அவை இல்லை என்பதற்காகச் சைக்கிளை ஒதுக்கவும் வேண்டாம். அவை புதியவை என்பதற்காக வளைந்த சட்டத்தை வாங்கவும் வேண்டாம். டயரை வாங்குமுன் அளவைக் கவனியுங்கள். பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½ டயர் 635 மி.மீ. ரிம்முக்குரியது. இன்று '28' என்று விற்கப்படும் 622 மி.மீ. டயர் அதற்குப் பொருந்தாது. அவ்வாறே பழைய 26 × 1⅜ சில்லுக்கு மலைச் சைக்கிளின் 26 அங்குல டயர் பூட்ட முடியாது.

ஆராய்வோம்: நீதியான விலை எது?

அடகு வாங்குவோர் திரிகைக் கல்லை எடுத்துக்கொள்ளலாகாது என்று இணைச்சட்ட நூல் தடுக்கிறது. மாவரைக்கும் கல்லை எடுத்தால் அக்குடும்பத்தின் உயிரையே எடுத்ததாகும். அதே நூல், வாங்க ஒரு படிக்கல்லும் விற்க ஒரு படிக்கல்லும் வைத்திருப்பவரைக் கண்டிக்கிறது. எமது பகுதியில் சைக்கிளும் பலருக்குத் திரிகைக் கல்லே. வாங்குபவருக்குப் பெறுமதி தெரிந்து, விற்பவருக்குத் தெரியாமல் இருக்கும்போது இரண்டு படிக்கற்கள் இருக்கின்றன.

ஆகவே எமது இளைஞர் குழுக்கள் பழைய சைக்கிள் வாங்கப் புறப்படும்போது மூன்று விதிகளைக் கைக்கொள்ளட்டும். முதலாவது, அது என்ன சைக்கிள், ஏன் தேடப்படுகிறது என்பதை விற்பவருக்குச் சொன்ன பின்பே விலை பேசுவது. இரண்டாவது, மருந்துக்கோ பாடசாலைச் செலவுக்கோ அவசரத்தில் ஓடும் சைக்கிளை விற்க வருபவரிடம், விற்காமல் சமாளிக்க வழியுண்டா என்று முதலில் கேட்பது. மூன்றாவது, திருட்டுப் பொருளைத் தவிர்ப்பது. சட்டத்தின் இலக்கத்தைக் குறித்து, விற்பவரின் பெயர் முகவரியுடன் கையொப்பமிட்ட துண்டொன்றைப் பெற வேண்டும். இலக்கம் அராவப்பட்டிருந்தால் தொட வேண்டாம்.

வாங்குமுன் கணக்கும் பார்ப்போம். வாங்கும் விலை, உதிரிப்பாகங்கள், கூலி மூன்றையும் கடதாசியில் எழுதிக் கூட்டுங்கள். நல்ல நிலையில் உள்ள சாதாரண சைக்கிளின் விலையை அது மிஞ்சினால், ஓடுவதற்காக அதை வாங்குவது நட்டம். பழமைக்காக வாங்குபவர் வேறு. பாடசாலைப் பிள்ளைக்காக வாங்குபவர் வேறு. நாம் யாருக்காக வாங்குகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

செயற்படுவோம்: திருத்தும் முறை

கழற்றுமுன் எல்லாப் பக்கத்திலும் படம் எடுங்கள். ஒவ்வொரு பகுதியின் ஆணிகளையும் தனித்தனிப் பேணியில் போடுங்கள். இறுகிய இடங்களில் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். பொறுமையின்றி அடித்தே பல நல்ல சைக்கிள்கள் பழுதாகியுள்ளன.

பெடல் தண்டைப் பிடித்திருக்கும் கொட்டர் ஆணியைக் கழற்றும்போது நட்டை ஆணியின் நுனிமட்டம் வரை தளர்த்தி, பெடல் தண்டுக்கு அடியில் உறுதியான இரும்புக் குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்து, ஒரே பலமான அடியாக அடியுங்கள். முட்டின்றி அடித்தால் அடி முழுவதும் உள்ளே உள்ள போல்ஸ்களில் விழும். இடது பெடலுக்கும், பெடல் அச்சுக்கூட்டின் வலது கிண்ணத்துக்கும் இடப்புரி என்பதை நினைவில் வையுங்கள். நொட்டிங்ஹாம் றலிகளின் அச்சுக்கூட்டில் அங்குலத்துக்கு 26 புரிகள். பிற ஆங்கிலேயச் சைக்கிள்களில் 24. ஒன்றின் கிண்ணத்தை மற்றதில் திணித்தால் சட்டத்தின் புரியே அழியும்.

போல்ஸ்களை எண்ணி எடுத்து, புதியவற்றை அதே எண்ணிக்கையில் போடுங்கள். பொதுவாகப் பெடல் அச்சுக்கும் பின் ஹப்புக்கும் 1/4 அங்குலம், முன் ஹப்புக்கு 3/16, ஹேண்டில் கழுத்துக்கு 5/32. கிரீஸ் இட்டுப் பூட்டியபின் சில்லைத் தூக்கி விடுங்கள். காற்றடைக்கும் வால்வின் பாரத்தாலேயே அது மெல்லத் திரும்பி வால்வு கீழே வந்து நின்றால் இறுக்கம் சரி. பக்கவாட்டில் ஆட்டமும் இருக்கலாகாது. மூன்று கியர் ஹப்புக்குக் கிரீஸ் அடைக்காமல் இலேசான எண்ணெய் சில துளிகள் விடுங்கள்.

பழைய வண்ணம் பாதிக்கு மேல் நின்றால் அதைச் சுரண்ட வேண்டாம். கழுவி, துரு உள்ள இடத்தை மட்டும் தேய்த்துத் தொட்டுப் பூசினால் போதும். நிக்கல், குரோம் பகுதிகளை ஈரப்படுத்திய அலுமினியத் தாளால் தேய்த்தால் மேல்துரு நீங்கும். பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்கலாம். ஆகவே நனைத்தே தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள், பிள்ளைகளைத் தூர வையுங்கள்.

மலைநாட்டுக்கு முதல் வேலை: பிரேக்

ஏறுவதை விட இறங்குவதே எமது பகுதியில் உயிர் போகும் விடயம். பழைய சைக்கிளின் கம்பிப் பிரேக், இரும்பு ரிம்மின் மேல் ரப்பரை அழுத்தியே நிறுத்துகிறது. ரிம் நனைந்தால் அந்தப் பிடி வெகுவாகக் குறைந்துவிடும். கண்டியின் மாலை மழையில் இதை அறியாமல் இறக்கத்தில் விடுபவர் சந்தியில்தான் அறிவார். எனவே வண்ணத்துக்குக் காசு ஒதுக்குமுன் பிரேக்குக்கு ஒதுக்குங்கள். புதிய ரப்பர் போட்டு, கம்பிகளின் மூட்டுகளை இறுக்கி, இரு ரப்பரும் ஒரே நேரத்தில் ரிம்மைத் தொடும்படி சரிசெய்யுங்கள். மழையில் பிரேக்கை முன்கூட்டியே இலேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டு வாருங்கள். செங்குத்தான இறக்கத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதில் வெட்கம் எதுவுமில்லை.

ஏற்றத்துக்கும் ஓர் எளிய வழி உண்டு. பின் பற்சில்லு 18 பல்லாக இருந்தால் 22 பல்லாக மாற்றுங்கள். மிதிக்கும் பாரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். செயின் சற்று நீளமாக வேண்டும். மூன்று கியர் உள்ளதில், நடுக் கியரில் வைத்து, வலது அச்சு நுனியில் உள்ள சிறு கம்பி அச்சின் முனையோடு சமமாக நிற்கும்படி கேபிளைச் சரிசெய்யுங்கள். இல்லையேல் எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் திடீரென வழுக்கி ஆளைக் கீழே தள்ளும்.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் அல்லது தோட்டத்தில் ஓடாமல் கிடக்கும் சைக்கிள்கள் எத்தனை? வீடு வீடாகச் சென்று கணக்கெடுப்போமா?

2. சைக்கிள் திருத்தும் மூத்தவர் எமது பகுதியில் இருக்கிறாரா? அவருடைய கைவேலையை இரு இளைஞர் கற்க உரிய கூலி கொடுத்து ஒழுங்கு செய்ய முடியுமா?

3. பெறுமதி தெரியாமல் நாம் விற்ற, அல்லது பெறுமதியைச் சொல்லாமல் நாம் வாங்கிய பொருள் எது?

அந்தத் தாயை மீண்டும் சந்தித்தபோது நடந்ததைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "போகட்டும் சாமி, அடுத்த லயத்திலயும் ஒன்னு கெடக்கு. அத முதல்ல வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தோம். அது சாதாரண சைக்கிள், பெரிய விலை போகாதது. ஆனால் சட்டம் நேராக இருந்தது. பிரேக்கில் தொடங்கித் திருத்திக் கொடுத்தோம். அந்த வீட்டுப் பிள்ளை இன்று அதில்தான் பாடசாலைக்குப் போகிறது. மேட்டில் தள்ளிக்கொண்டும், சமதரையில் ஏறி மிதித்துக்கொண்டும்.