நாலு ஓட்டையும் பொருந்தினால் போதுமா?

கேள்வி: திருச்சுழிக்காரன் நான். ஐந்து பேர் போகிற சின்னக் கார் வைத்திருக்கிறேன். கம்பெனி கொடுத்த இரும்பு ரிம் துருப்பிடித்துவிட்டதால் அலாய் ரிம் மாற்றலாம் என்று மதுரையில் விசாரித்தேன். பழைய ரிம்மில் 14 x 5ஜே, 45 என்று பொறித்திருக்கிறது. கடையில் காட்டியது 15 x 6ஜே, 20. நாலு ஓட்டையும் பொருந்துகிறது. "ஆஃப்செட் கொஞ்சம் குறைவு, சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், அகலமாக நின்றால் வண்டி ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்" என்றார் கடைக்காரர். ஆஃப்செட் என்றால் என்ன? அவர் சொல்வது சரியா?

பதில்: பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் பேரிங் சத்தம் போட ஆரம்பித்த பிறகுதான் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்.

ஆஃப்செட்டை உங்கள் ஊர் டிராக்டர்காரர்கள் பலர் பெயர் தெரியாமலே கையாண்டிருப்பார்கள். பருத்திக்கோ மக்காச்சோளத்துக்கோ சால் இடைவெளி மாறும்போது பின்சக்கரத்தைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டுவது உண்டு. டயரும் அதேதான், அச்சும் அதேதான். ஆனால் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறிவிடுகிறது. காரணம் எளிது. சக்கரத்தை அச்சோடு சேர்த்து முடுக்குகிற முகம் ரிம்மின் சரிநடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கிறது. அந்த ஒதுக்கத்தின் அளவுதான் ஆஃப்செட், கணக்கு மில்லிமீட்டரில். முடுக்கும் முகம் நடுக்கோட்டைத் தாண்டித் தெருப்பக்கம் இருந்தால் பாசிட்டிவ், அதாவது கூட்டல். வண்டியின் உள்பக்கம் இருந்தால் நெகட்டிவ், கழித்தல். சரியாக நடுவில் இருந்தால் பூஜ்யம். சில ரிம்களில் எண்ணுக்கு முன்னால் ஈ.டி. என்று இருக்கும். ஜெர்மன் மொழியில் இந்த அளவுக்குள்ள பெயரின் சுருக்கம் அது. உங்கள் ரிம்மில் உள்ள 5 என்பது இஞ்சில் ரிம்மின் அகலம். ஜே என்பது டயரைப் பிடித்துக்கொள்ளும் விளிம்பின் வடிவத்தைக் குறிக்கும் எழுத்து.

இனி, ஓட்டை பொருந்தினால் ரிம் பொருந்தும் என்ற நம்பிக்கை. இது தவறு. மாருதி ஸ்விஃப்டுக்கும் பழைய ஹோண்டா சிட்டிக்கும் நாலு நட்டு, 100 மில்லிமீட்டர் வட்டம். சிட்டியின் ரிம் ஸ்விஃப்டில் ஏறி உட்காரும். ஆனால் நடுத்துளை ஸ்விஃப்டுக்கு 54.1 மி.மீ., சிட்டிக்கு 56.1. ஹோண்டாவின் நட்டு உட்காரும் குழி உருண்டை வடிவம், சுஸுகியில் கூம்பு வடிவம். ஓட்டை ஒத்துப்போவது முதல் படி மட்டும்தான்.

அடுத்தது "அகலமாக நின்றால் கவ்விப் பிடிக்கும்" என்பது. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் எளிதில் நம்பத் தோன்றுகிறது. ஆஃப்செட் 45-லிருந்து 20-க்கு இறங்கினால் ஒவ்வொரு டயரின் நடுக்கோடும் 25 மி.மீ. வெளியே போகும், இரு பக்கமும் சேர்த்து 50. சின்னக் காரின் சக்கர இடைவெளி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். ஆக உங்களுக்குக் கிடைப்பது நூற்றுக்கு மூன்று பங்கு அகலம். அதற்குக் கொடுக்கும் விலைதான் பெரிது.

அந்த விலை புரிய மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சு நுழைகிற குடம் சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. வட்டையில் ஏறும் பாரம் ஆரக்கால் வழியாக நேரே குடத்துக்குள் இறங்கும். காரிலும் இதையேதான் செய்யப் பார்க்கிறார்கள். குடத்தின் வேலையைச் செய்வது பேரிங். டயரின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவர வேண்டுமென்றால் பேரிங், பிரேக் எல்லாவற்றையும் ரிம்மின் குழிக்குள் நுழைக்க வேண்டும். அவற்றுக்கு இடம் விட்டு, முடுக்கும் முகத்தை வெளியே தள்ளுகிறார்கள். உங்கள் ரிம்மில் 45 வந்தது இப்படித்தான். பாரம் எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று வண்டியைச் செய்தவர் போட்ட கணக்கு அது.

அதை 25 மி.மீ. நகர்த்தினால் என்ன ஆகும்? ஆள் ஏறிய காரில் ஒரு முன்சக்கரத்தில் சுமார் 300 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 0.025 மீட்டரால் பெருக்கினால் 7.5. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் ஏழரைக் கிலோவைத் தொங்கவிட்டு, மறுமுனையைப் பேரிங்கில் சொருகியது போல. வளைவில் திரும்பும்போது இதைவிடப் பெரிய விசைகள் வரும். ஆனால் அவை வந்து போகிறவை. இது வண்டி நிற்கும்போதும் ஓடும்போதும் இறங்காத பாரம். குழியில் விழுந்தால் பல மடங்காகும்.

எனக்கு இதைவிடக் கவலை ஸ்டியரிங்தான். முன்சக்கரம் ஒரு சாய்ந்த கோட்டை அச்சாகக் கொண்டு திரும்புகிறது. மேலே ஷாக் அப்சார்பரின் தலை, கீழே பால் ஜாயிண்ட், இரண்டையும் சேர்த்தால் அந்தக் கோடு. அதைத் தரை வரை நீட்டினால் தொடும் புள்ளிக்கும் டயர் தரையை அழுத்தும் இடத்தின் நடுவுக்கும் உள்ள தூரத்துக்கு ஸ்கிரப் ரேடியஸ் என்று பெயர். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் இதை மிகச் சிறியதாக வைப்பார்கள். டயர் வெளியே போகப் போக அந்தத் தூரம் நெம்புகோலாகிவிடும். நரிக்குடிப் பக்கம் ஒற்றைத் தார்ச் சாலையில் எதிரே பஸ் வருகிறது. இடப்பக்கச் சக்கரங்களை மண்ணில் இறக்கிப் பிரேக் பிடிக்கிறீர்கள். ஒரு சக்கரம் தாரில், ஒன்று கரிசல் புழுதியில். இரண்டின் பிடிப்பும் ஒன்றல்ல. கம்பெனி ரிம்மில் ஸ்டியரிங் லேசாகச் சிணுங்கும். தள்ளி நிற்கும் ரிம்மில் கையைப் பிடுங்கும். வழுவழுப்பான நான்குவழிச் சாலையிலேயே ஓடுகிறவர் இதை உணராமல் போகலாம். உங்கள் ஊர்ச் சாலையில் தினமும் உணர்வீர்கள்.

அகலம் கூடியதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் புதிய ரிம்மின் வெளிவிளிம்பு சுமார் 38 மி.மீ. வெளியே வருகிறது. மட்கார்டைத் தாண்டி நிற்கும் டயர் மழைக்காலத்தில் கரிசல் சேற்றைக் கதவெல்லாம் அப்பும். ஓரத்துச் சீமைக்கருவேல முள்ளுக்கும் டயரின் பக்கச்சுவர்தான் முதலில் அகப்படும். ஐந்து பேர் ஏறினால் மட்கார்டின் உதடு டயரில் உரசவும் கூடும்.

ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் தகட்டுக்கும் இதே கணக்குதான். 45 ரிம்மின் பின்னால் 20 மி.மீ. தகடு வைத்தால் அது 25 ரிம். மாறாக ஆஃப்செட் அதிகமான ரிம் உள்ளே போய் ஷாக் அப்சார்பரில் தட்டும்.

ஆகவே அந்த 20 ரிம்மை விட்டுவிடுங்கள். 14 x 5.5ஜே, ஆஃப்செட் 45 கேளுங்கள். இரு பக்கமும் ஆறு மில்லிமீட்டர்தான் கூடும், டயரின் நடுக்கோடு நகராது. அது கிடைக்காவிட்டால் 40 வரை இறங்கலாம், 5 மி.மீ.க்கு மேல் மாற்ற நான் சம்மதிப்பதில்லை. எண் அழிந்த பழைய ரிம் என்றால் அளந்து பாருங்கள். உள்பக்க விளிம்புகளின் மேல் ஒரு நேர்ச்சட்டத்தைக் கிடத்தி, அதிலிருந்து முடுக்கும் முகம் வரை அளக்க வேண்டும். அதிலிருந்து விளிம்புக்கு விளிம்பு மொத்த அகலத்தில் பாதியைக் கழித்தால் வருவது ஆஃப்செட். மொத்த அகலம் பொறித்த அகலத்தைவிட ஏறக்குறைய ஓர் இஞ்ச் கூடுதலாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

நடுத்துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் கேட்டு வாங்குங்கள். மாட்டியதும் நாலு பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். எங்கேயும் உரசக் கூடாது. 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை ஒருமுறை மறுபடி முடுக்கச் சொல்லுங்கள்.