கண்புரைச் சத்திரசிகிச்சையில் நோயாளர் காண்பன

மலைநாட்டிலே கண்புரை மறைந்து வளரும் நோயாகும். அற்றன், நுவரெலியாப் பகுதிகளில் மூடுபனி பழகிய காட்சியாதலின், பார்வை மங்குவோர் அதனைப் பனியென்றே கொள்வர். மடுவத்திற் கொழுந்து நிறுக்கையில் முற்றிய இலை மிகுந்திருத்தலைக் கணக்கப்பிள்ளை கண்டு கடியும்போதோ, லயத்துப் படியிற் கால் தவறும்போதோதான் உண்மை வெளிப்படும். அதன் பின்னரும் கண்டிக்கோ கொழும்புக்கோ சென்று சிகிச்சை பெறப் பலர் தயங்குவர். "முழித்திருக்கும்போதே கண்ணைக் கீறுவாங்களாம், கத்தி வருவதைப் பார்த்துக்கிட்டே கிடக்கணுமாம்" என்பதே அவர்தம் அச்சம். இவ்வச்சத்தில் மெய் எவ்வளவு என நாம் ஈண்டு ஆராய்வோம்.

விழித்திருப்பது மெய்யே. 1884 ஆம் ஆண்டில் கார்ல் கொல்லர் என்னும் வியன்னா நகர இளம் வைத்தியர், கொக்கெயின் கரைசலின் சில துளிகள் கண்ணை மரத்துப்போகச் செய்யும் எனக் காட்டினார். இன்று அதனினும் தீங்கு குறைந்த மருந்துகள் துளியாகவோ ஊசியாகவோ இடப்படுகின்றன. ஆகவே வலி பெரிதும் இராது. தொடுகையும், ஓர் அழுத்தமும், நீர் பாயும் குளிர்ச்சியும் உணரப்படலாம். முகத்தின்மேல் துணி போர்த்தப்படுவதால் மூச்சு முட்டுவது போன்ற எண்ணம் சிலருக்கு எழும். இதுவே பலரைக் கத்தியினும் மிகுதியாகத் துன்புறுத்துகிறது எனலாம்.

கத்தி தெரியுமா? கண்ணுக்கு மிக அண்மையிலுள்ள பொருளைக் கண் தெளிவாகக் காணமாட்டாது. நுணுக்குக்காட்டியின் விளக்கோ மிகக் கூசும். எனவே பெரும்பாலோர் காண்பது வெள்ளொளியும், சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய நிறங்களுமே. கருவிகளும் வைத்தியரின் விரல்களும் சிலருக்கு நிழலாகத் தோன்றும். செவிக்கெட்டாத அதிர்வினாற் புரைவில்லை நொறுக்கப்படுகையில், துண்டுகள் நீரிற் சுழன்று மிதப்பதைச் சிலர் காண்பதுண்டு. வில்லை நீங்கியதும் உருவெல்லாம் கலைந்து ஒளி மட்டும் எஞ்சும். செயற்கை வில்லை வைக்கப்பட்ட பின்னரே அது மீண்டும் குவியும். ஊசி மருந்து பெற்றோருட் சிலருக்குச் சிறிது நேரம் ஒளியே தோன்றாது. கண் போயிற்று என அவர் அஞ்சுதல் வேண்டா. மருந்தின் வேகம் தணிந்ததும் ஒளி மீளும்.

இக்காட்சிகளாற் கலங்குவோர் சிலரே. எனினும் கலங்குபவர் தலையை அசைத்தால் இடர் நேரும். அரவிந்த் கண் மருத்துவமனையினரும் சிங்கப்பூர் மருத்துவரும் சேர்ந்து 2011 இல் வெளியிட்ட ஆய்வொன்று, காணப்போவதை முன்னரே எடுத்துரைத்தால் அச்சம் குறையுமெனக் காட்டிற்று. அவ்வுரை நோயாளர் அறிந்த மொழியில் அமைதல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? "அசையாதீங்க, விளக்கைப் பாருங்க" என்னும் இரு தொடர்களைத் தாதி தமிழிற் சொல்லக் கற்றிருப்பாராயின், தோட்டத்து அம்மாவுக்கு அது விறைப்பு மருந்துக்கு நிகரான உதவியாகும்.

கட்டு அவிழ்த்தபின் உலகம் நீலமாகத் தெரிகிறதெனப் பலர் வியப்பர். முதிர்ந்த வில்லை மஞ்சளாகி நீல ஒளியைத் தடுத்திருந்தமையே காரணம். 1923 இல் இச்சிகிச்சை பெற்ற பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேயும் நிறங்கள் மாறித் தோன்றுவதாக முறையிட்டார். ஒரு கண்ணில் மட்டும் சிகிச்சை பெற்றவர் வெள்ளைச் சேலையொன்றைக் கண்ணுக்குக் கண் மாற்றிப் பார்த்தால், புதுக் கண்ணில் வெண்மையாகவும் பழைய கண்ணிற் சாயத்தண்ணீர் பட்டது போலவும் அது தோன்றும்.