நாய்க்குக் காதுச் சீழ் திரும்பத் திரும்ப வருதா? காரணத்தைத் தேடுவோம்!



ராத்திரியில் ஆட்டுப்பட்டிக்கும் வீட்டுக்கும் நம்ம நாய்தான் காவல். அது தலையை உதறி, காதைச் சொறிஞ்சுக்கிட்டே இருந்தா மருந்து வாங்கி ஊத்துறோம். சரியாகுது. கொஞ்ச நாளில் மறுபடியும் சீழ், நாற்றம். கடைசியில் 'சீக்கு நாய்' என்று விரட்டிவிடுகிறோம். இது நியாயமா?

நாயின் காதுத்துளை கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்பும். அதனால் ஈரமும் அழுக்கும் எளிதில் வெளியேறாது. கிருமியும் பூஞ்சையும் காதில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். வேறு ஏதாவது காதைக் கெடுத்தால்தான் அவை பெருகும். மருந்து கிருமியைக் கொல்லும்; மூலகாரணம் அப்படியே இருந்தால் சீழ் திரும்ப வரும்.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. ஒரு காதில் மட்டும் திடீரென்று வந்ததா? உள்ளே புல்முள்ளோ உண்ணியோ இருக்கலாம்.
2. காப்பித்தூள் போல கறுப்பு அழுக்கா? காதுப்பூச்சியாக இருக்கலாம். குட்டிகளுக்கு அதிகம் வரும், மற்ற நாய்க்கும் பூனைக்கும் ஒட்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்தியம் செய்யணும்.
3. பாதத்தை நக்குதா, அக்குள், வயிற்றைச் சொறியுதா? ஒவ்வாமையாக இருக்கலாம். அடிக்கடி வரும் காதுநோய்க்கு முக்கியக் காரணமே இதுதான். தீனி, தூசி எதுவும் ஒத்துக்காமல் போகலாம்.
4. குளத்தில் நீந்திய பிறகு, மழையில் நனைந்த பிறகு வருதா?
5. போன தடவை மருந்தைப் பாதியில் நிறுத்தினோமா?

இந்த விவரங்களைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் விளக்கு வைத்துச் செவிப்பறையைப் பார்ப்பார். அழுக்கைப் பஞ்சில் எடுத்து நுண்ணோக்கியில் சோதித்தால் கிருமியா, பூஞ்சையா, பூச்சியா என்று தெரியும். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் காதையே செவிடாக்கும். எனவே பழைய மருந்தை நாமே ஊற்றக் கூடாது. மண்ணெண்ணெய், கற்பூர எண்ணெய் வேண்டவே வேண்டாம். குச்சி விட்டும் குடையாதீர்கள்.

தலை ஒரு பக்கம் சாய்ந்து, தள்ளாடி நடந்தால் அன்றைக்கே கொண்டு போங்கள்.

வலியில் வளர்த்த நாயும் கடிக்கும். கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போய் ஊசி போட்டுக்கணும்.

குழுக் கூட்டத்தில் பேச:
• நம்ம ஊரில் எத்தனை நாய்க்கு இப்படி இருக்கு?
• எல்லோரும் ஒரே நாளில் கால்நடை மருந்தகம் போக முடியுமா?