கெம் மாற்றப் போகும் தம்பிக்கு: இறக்கத்தை நினைத்து ஸ்பிரிங் எடு

பதுளைப் பக்கம் லொறி வைத்திருக்கும் தம்பிமார் எல்லோருக்கும் ஏற்றம்தான் கவலை. பசறை ரோட்டில் கொழுந்து மூட்டையோடு இழுவை போதவில்லை, கெம் ஷாஃப்டை மாற்றினால் சரியாகும் என்கிறார்கள். மாற்று தம்பி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புஷ் ரொட்டும் வால்வ் ஸ்பிரிங்கும் எடுக்கும்போது இறக்கத்தை நினைத்து எடு.

ஏறும்போது எஞ்சினின் வேகத்தைக் கவர்னர் பிடித்து வைக்கும். ஹப்புத்தளையிலிருந்து பெரகல வழியாக ஹல்தும்முல்லைக்குப் பாரத்தோடு இறங்கும்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. கவர்னர் டீசலைக் குறைக்கும். சரிவு தள்ளுவதைக் குறைக்காது. கியரைத் தப்பாகக் குறைத்தால் சுற்று எல்லை மீறும். தளர்ந்த ஸ்பிரிங் அப்போது வால்வை நேரத்துக்கு மூடாது. டீசல் எஞ்சினில் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இடம் மிகக் குறைவு. அடி விழும், புஷ் ரொட் வளையும்.

உன் எஞ்சினில் புஷ் ரொட் இருக்கிறதா என்று முதலில் பார். டாட்டா 1210, பழைய லேலண்ட் கொமெட், இசுசு 4ஜேபி1 எல்லாவற்றிலும் உண்டு. இசுசு 4எச்எஃப்1-இல் கெம் ஹெட்டுக்கு மேலேயே இருக்கிறது. அதற்குப் புஷ் ரொட் பேச்சே தேவையில்லை.

ஸ்பிரிங் விஷயத்தில் கணக்குப் போடாமல் காசைக் கொடுக்காதே. கெம் தூக்கும் அளவை ரொக்கர் விகிதத்தால் பெருக்கு. கெம் 7 மி.மீ. தூக்கி, விகிதம் 1.5 என்றால் வால்வு 10.5 மி.மீ. திறக்கும். பூட்டிய ஸ்பிரிங்கின் உயரம் 40 மி.மீ., முழுதாக அமுங்கினால் 28 மி.மீ. என்று வை. மிச்சம் 1.5 மி.மீ.; அது போதும். அதற்குக் கீழே போனால் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டலாம். அதற்காக, கிடைப்பதிலேயே கடினமான ஸ்பிரிங்கைப் போட்டுவிடாதே. கெம் மூக்கும் டெப்பட்டும் சீக்கிரம் தேயும். கெம் கொடுத்தவர் சொல்லும் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவே போதும். பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கழற்றிய பழைய ஸ்பிரிங் வாங்காதே. புது செட்டாகவே போடு.

புஷ் ரொட்டைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார். துள்ளினால் வளைந்திருக்கிறது, தட்டி நிமிர்த்திப் போடும் வேலை வேண்டாம். நீளத்தையும் கவனி. அரைத்த கெம் என்றால் அதன் அடிவட்டம் சிறுத்து டெப்பட் கீழே இறங்கும், நீளம் கூடிய ரொட் தேவைப்படலாம். ஹெட்டைச் சீவியிருந்தால் இதற்கு நேர்மாறு. வால்வு நுனியில் மார்க்கர் மை பூசி, கையால் எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்று. ரொக்கர் உரசிய தடம் நடுவில் விழ வேண்டும். பிஸ்டன் தலையில் பிளாஸ்டிசின் வைத்து வால்வு இடைவெளியையும் இதே மாதிரிப் பார்த்துவிடு. பாஸ் அவசரப்படுத்தினாலும் இதை விடாதே.

இன்னொன்று, கரும்புகை வந்தால் உடனே கெம்மைக் குறை சொல்லாதே. ஹப்புத்தளை 1,400 மீட்டருக்கு மேல். அங்கே காற்றே ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மெலிவு. ஏர் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் பார்த்த பிறகு கெம்முக்கு வா.

புதுக் கெம்முக்குப் புது டெப்பட்தான். முதல் தரம் ஸ்டார்ட் பண்ணியதும் ஐட்லில் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதே. 20 நிமிடம் சற்று வேகமாக ஓடட்டும். சில நாள் ஓடியதும் வால்வ் கிளியரன்ஸை மறுபடி அள. ஒரு வால்வில் மட்டும் அது கூடிக்கொண்டே போனால் அந்தக் கெம் மூக்கோ டெப்பட்டோ தேய்கிறது. பாரம் ஏற்றாமல் லொறியைக் கராஜுக்குக் கொண்டு போ.